ரூபி குமாரியின் வரவேற்புரை

1

ஜூன் மாதம் பிறந்தால் எங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்திடமிருந்து ஒரு நீண்ட மின்னஞ்சல் வரும். இங்கே அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகள் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. அதைப் பள்ளி மாவட்டம் என்பார்கள். ஆண்டு முடியும்போது மாவட்டத்தின் நல்ல செய்திகளை எல்லாம் திரட்டி வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள். ஓய்வு பெறும் பேருந்து ஓட்டுநர், பரிசு வாங்கிய வாத்தியக் குழு, பள்ளித் தோட்டத்தில் காய்த்த பூசணி, கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாகப் பட்டம் வாங்கும் பெரிய பிள்ளைகள் என்று படம் படமாக இருக்கும். நான் எட்டு வருடமாக அதைக் கடைசி வரி வரைக்கும் படித்து வருகிறேன். அந்த ஓட்டுநரை எனக்குத் தெரியாது. இருந்தாலும் அவர் ஓய்வு பெறுகிறார் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இந்த வருடம் அதில் ஒரு வேண்டுகோள் இருந்தது. மாணவர்கள் தங்கள் பள்ளி வாழ்க்கையின் மிக நல்ல நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பலாம், தேர்ந்தெடுத்தவற்றை வெளியிடுவோம் என்றிருந்தார்கள். ஆறாம் வகுப்பு முடிக்கப்போகும் என் மகள் இனியா யாரும் சொல்லாமலே எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது. மிக அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் இதில் வரும் பள்ளி நம் மாவட்டத்தைச் சேர்ந்தது அல்ல, நடந்ததும் இந்தக் கல்வியாண்டில் அல்ல. வேறொரு நாளைப் பற்றி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

"தப்பான ஸ்கூல், தப்பான வருஷம்னு சொல்றாங்க அப்பா" என்றாள் இனியா. வேறு எழுதவும் மாட்டேன் என்றுவிட்டாள்.

அவள் எழுதிய பள்ளி தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. அவர்கள் மாவட்டத்தில் இடமில்லை என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

2

போன வருடத்துக்கு முந்தைய வருடம் டிசம்பரில் நானும் இனியாவும் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தோம். மூன்று வாரம்தான் திட்டம். மருந்துக் கடையில் வேலை செய்யும் என் மனைவி சுகந்திக்கு விடுப்பு கிடைக்கவில்லை. திரும்பிப் போவதற்கு எங்கள் இருவர் கடவுச்சீட்டிலும் விசா முத்திரை குத்த வேண்டியிருந்தது. சென்னையில் நேர்காணலுக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இனிமையாகத்தான் பேசினார். பிறகு ஒரு தாளை நீட்டி, கூடுதல் பரிசீலனை தேவைப்படுகிறது, முடிந்ததும் தெரிவிப்போம் என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். அதைச் சொல்ல இயலாது என்றார், அதே இனிமையோடு.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணித் தரம் பார்க்கக் கற்றுக்கொண்டவன் நான். அந்த வேலைதான் என்னை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. துணியில் ஒரு கண்ணி நழுவினால் எங்கே, ஏன் நழுவியது என்று சொல்லிவிடுவேன். எங்கள் காகிதத்தில் எது நழுவியது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அண்ணன் வீட்டில் தங்கினோம். அவர் வீட்டை ஒட்டியே தையல் யூனிட் வைத்திருக்கிறார். ஜனவரி முழுக்க இனியா ஐபேடை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். அவளுக்குப் பேச ஆளில்லை. தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. தனியார் பள்ளிகளில் கேட்டோம். ஆண்டு முடியப்போகும் நேரத்தில் யாரும் சேர்க்கத் தயாராக இல்லை. கடைசியில் அண்ணன்தான் அந்த ஊராட்சிப் பள்ளிக்குக் கூட்டிப்போனார்.

தலைமையாசிரியையை அங்கே எல்லாரும் பெரிய டீச்சர் என்பார்கள். இனியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, எத்தன நாளைக்குங்க?"

"தெரியலீங்க டீச்சர். ரெண்டு வாரமும் ஆகலாம், ரெண்டு மாசமும் ஆகலாம்."

"டி.சி. இல்லாம கம்ப்யூட்டர்ல பேரு ஏறாதுங்க. பேரு ஏறலீன்னா புஸ்தகம், பரீட்சை ஒண்ணுமே கெடையாது." கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "சரி, வந்து உக்காரட்டுங்க. ஊட்ல கெடக்கறதுக்கு இங்க கெடக்கட்டும்."

அதே வாரம் சுகந்தி அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டாள். நாள் கணக்கில் வராததால் இனியாவின் பெயரை அங்கே பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்களாம். திரும்பி வந்தால் புதிதாகச் சேர்வதுபோல் எல்லாக் காகிதத்தோடும் வர வேண்டும் என்று கடிதம். சுகந்தி வாசித்துக்கொண்டே அழுதாள். அந்த மூன்று மாதம் என் மகள் பெயர் உலகத்தில் எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இல்லை.

3

ஐந்தாம் வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பாய் விரித்திருந்தது. தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கான இடம் அது. பனியன் கம்பெனி வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏழு பேர் அங்கே உட்கார்ந்து அ, ஆ எழுதிக்கொண்டிருந்தார்கள். எட்டாவதாக இனியா.

அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. "நம்ம புள்ளையக் கொண்டு போயி இந்திக்காரப் புள்ளைங்களோட உக்கார வெச்சுட்டாங்களே. நம்ம ஒறம்பரைக யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

எனக்கும் குத்தியது. ஆனால் அண்ணனிடம் சொல்லாத ஒன்று எனக்குள் இருந்தது. அதை இங்கே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இனியாவை முதன்முதலில் பள்ளியில் சேர்த்தபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி. பெருமையாகத் தமிழ் என்று எழுதினேன். உடனே அவளைச் சோதித்து, ஆங்கிலம் பற்றாத பிள்ளைகளுக்கான தனிக் குழுவில் உட்கார வைத்தார்கள். அவள் பின்தங்கிவிடுவாளோ என்று நானும் சுகந்தியும் பயந்துவிட்டோம். வீட்டில் தமிழை நிறுத்தினோம். தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட ஆங்கிலத்தில் கேட்டோம். ஒரே வருடத்தில் அவளை அந்தக் குழுவிலிருந்து விடுவித்து வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்கள். அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தோம். ஆகவே இந்தப் பாயில் அவளை உட்கார வைத்தது பெரிய டீச்சர் அல்ல. நான்தான்.

அந்தப் பாய்க்குப் பொறுப்பு ரூபி குமாரி. அதே வகுப்புப் பெண், பீகார்க்காரி. அவள் அப்பா மனோஜ் பக்கத்துக் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நான்கு வயதில் இங்கே வந்தவள், இரட்டைச் சடையும் உரத்த குரலுமாக எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். டீச்சர் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது பாய்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது அவள் வேலை. ஒரு நாள் மாலை இனியாவை அழைத்துவரப் போனபோது வாசலில் என்னை நிறுத்தினாள்.

"ஏனுங், இனியாவுக்கு 'ழ' வர மாட்டேங்குதுங்க. ஊட்ல யாருமே தமிழ் பேச மாட்டீங்களா?"

"இனிமே பேசறேன் கண்ணு" என்றேன்.

"பேசுங்க. இல்லீன்னா மறந்து போயிருமுங்க" என்று எச்சரித்துவிட்டு ஓடினாள்.

மூன்று வாரத்தில் இனியா பேசத் தொடங்கினாள். ரூபியிடம் கற்றது என்பதால் எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' இருந்தது. எனக்கு ங்க, அண்ணிக்கு ங்க, பக்கத்து வீட்டில் நடைபழகும் குழந்தைக்கு ங்க. யூனிட் வாசலில் படுத்திருக்கும் நாயிடம், "கொஞ்சம் நகந்து படுங்க" என்று அவள் சொன்னதைக் கேட்டுத் தையல்காரப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். வள்ளியை அவள் 'பல்லி' என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான். ஆண்டு விழாவில் அவள் வகுப்புப் பிள்ளைகள் முருகன் வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளிகும்மி ஆடுவதாக இருந்தது. பல்லிகும்மி ஆடப்போகிறேன் என்று சுகந்தியிடம் சொல்லி அவளைக் கலங்கடித்துவிட்டாள்.

4

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். ஆங்கில வரவேற்புரையை இனியா பேசட்டும் என்றார். அமெரிக்காவில் படித்த பிள்ளை, உச்சரிப்பு நன்றாக இருக்கும், கல்வி அதிகாரி வருகிறார், பள்ளிக்கும் பெயர் என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்க விரும்பவில்லை. இரண்டு மாதமாக மகளைப் பற்றி மன்னிப்புக் கேட்கும் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தவனுக்கு, அவளை முன்னால் நிறுத்த ஓர் இடம் கிடைத்தது. சுகந்தியிடம் சொன்னேன். அண்ணன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொன்னார். விழாப் பந்தல் அவர் உபயம்.

இனியா மட்டும் அதை ஒருமுறைகூடப் பேசிப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவள் சொன்னாள்.

"அப்பா, அது ரூபியோடதுங்க."

பொங்கலுக்கு முன்பே அந்தப் பேச்சை ரூபிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் மனப்பாடம் செய்து, பாயில் உட்கார்ந்த பிள்ளைகளிடமெல்லாம் பேசிக் காட்டியிருக்கிறாள். இப்போது அவளிடமிருந்து வாங்கி இவளிடம் கொடுத்துவிட்டார்கள்.

"உனக்கு இங்கிலீஷ் நல்லா வரும்னு குடுத்திருப்பாங்க கண்ணு."

"எனக்கு வருதுங்க. ரூபிக்கு வேணுமுங்க" என்றாள். அதன் பிறகு அழுகை வந்து ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். பரீட்சை முடிந்ததும் ரூபியை அவள் அப்பா பீகாருக்கு அனுப்பிவிடப் போகிறாராம், திரும்ப வர மாட்டாளாம். மேடையில் பேசுவதை அவர் பார்த்தால் மனசு மாறும் என்று ரூபி நம்பிக்கொண்டிருந்தாளாம். அரை நாள் விடுப்புகூடக் கேட்டு வைத்திருக்கிறாராம் அவர்.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கம்பெனி எதிரே இருந்த பேக்கரியில் மனோஜைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர், நீராவியில் வெந்து சிவந்த விரல்கள். இனியாவின் அப்பா என்றதும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"ரூபியை ஊருக்கு அனுப்பறீங்களாமே?"

"ஆமா சார். அண்ணன் ஊட்ல விடறேன். அங்க ஸ்கூல்ல சேத்துறேன்."

"இங்க நல்லாப் படிக்கிறாளே."

"நல்லாப் படிக்குது சார். அதான் பயம்." தேநீரைக் கீழே வைத்தார். "நான் ஹிந்தில கேட்டா அது தமிழ்ல பதில் சொல்லும். அவுங்கம்மா கேட்டாலும் தமிழ். ஊர்ல இருந்து அண்ணன் போன் பண்றான், இது பேசாது, சிரிச்சுட்டு ஓடிரும். அண்ணன் கேக்கறான், உன் பொண்ணா, மதராசிப் பொண்ணா? இன்னும் ரெண்டு வருசம் விட்டா எங்க பாஷையே இருக்காது சார். ஊர்ல ரெண்டு வருசம் இருந்தா மறுபடி நம்ம பொண்ணு ஆயிரும்."

வருடக்கணக்கில் நான் படுகிற பயத்தை இந்த மனிதர் அரைகுறைத் தமிழில் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"என் பொண்ணும் அப்படித்தாங்க" என்றேன்.

"உங்க பொண்ணு தமிழ் பேசுதே சார்!"

"ரூபி சொல்லிக் குடுத்தது."

மனோஜ் நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இடைவேளை முடிந்து கம்பெனிச் சங்கு ஊதியதும், விழாவில் ரூபி பேசுவதைக் கேட்க வருவேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பேச்சு மாறியது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ரூபி வீட்டில் சொல்லவே இல்லை.

பள்ளிக்கு நடந்தேன். பெரிய டீச்சரிடம், இனியா பேச மாட்டாள், ரூபியே பேசட்டும் என்றேன். அவர் மேசை விரிப்பைச் சரிசெய்தார்.

"எனக்கும் உறுத்தலாத்தானுங்க இருந்துச்சு. உங்கண்ணன் பந்தல் போட்டுத் தர்றாரு. அவிக புள்ளைக்கு ஒண்ணு செய்யோணும்னு நெனச்சேன். அந்தப் புள்ளைகிட்ட வாங்கறப்ப ஒரு வார்த்த பேசலீங்க அது. தாளைக் குடுத்துட்டுப் போயிருச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "நான் பண்ணுனது தப்புங்க."

அவ்வளவு எளிதாக ஒருவர் தப்பு என்று சொல்லி நான் கேட்டு நெடுநாள் ஆகிறது. நானும் கேட்ட உடனே வாங்கிக்கொண்டேன், தப்பில் எனக்கும் பங்கிருக்கிறது என்றேன்.

அண்ணன்தான் இரண்டு நாள் பேசவில்லை. "ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன்" என்று அண்ணியிடம் கத்தியது எனக்குக் கேட்டது. ஆனாலும் மூன்றாம் நாள் பந்தலுக்கு இடம் அளக்க அவரே போய் நின்றார்.

5

விழா வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் கடவுச்சீட்டுகள் முத்திரையோடு வந்துவிட்டன. எதைப் பரிசீலித்தார்கள், என்ன கண்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. சுகந்தி சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த நிமிடமே புதன்கிழமைக்கு டிக்கெட் பார்த்துவிட்டாள். அவள் நான்கு மாதமாகத் தனியாக இருந்தவள். நான்கு நாள் தள்ளிப் போடலாமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இனியா போனை வாங்கினாள்.

"அம்மா, வெள்ளிக்கெழம எங்க ஸ்கூல்ல விழா இருக்குதுங்க. நான் கும்மி ஆடோணுமுங்க. ஞாயித்துக்கெழம வர்றமுங்க. கோவிச்சுக்காதீங்க."

சுகந்தி சென்னையில் பிறந்து வளர்ந்தவள். பெற்ற பிள்ளை தன்னோடு இவ்வளவு நீளமாகத் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் மாமியார் ஊர்த் தமிழில்.

"சரிங்க" என்றாள் சுகந்தி. "வாங்க."

வெள்ளிக்கிழமை மாலை பந்தல் நிறைந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து அப்படியே வந்த அம்மாக்கள் தலையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் அண்ணன், வெள்ளை வேட்டியில். பீகார், ஒடிசாக் குடும்பங்கள் பின்னால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நாற்காலி இருந்தும் அவர்கள் உட்காரவில்லை. மனோஜ் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையோடு போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

மைக் இரண்டு தடவை கீச்சிட்டது. ரூபி ஏறினாள். சடையில் சிவப்பு ரிப்பன். எட்டாத மைக்கை யாரோ இறக்கிவிட்டார்கள். ஆங்கிலத்தில் கல்வி அதிகாரியை வரவேற்றாள், தலைமையாசிரியையை வரவேற்றாள், பந்தல் போட்டுக் கொடுத்த அண்ணனைப் பெயர் சொல்லி வரவேற்றாள். எங்கும் தடுமாறவில்லை. தாளில் இருந்தது முடிந்தது. கைதட்டினோம். அவள் இறங்கவில்லை.

மேடைக்குப் பக்கவாட்டில் கும்மிச் சேலையோடு நின்ற இனியா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

ரூபி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்வரிசையைப் பார்த்து இந்தியில் பேசத் தொடங்கினாள். வகுப்புப் பிள்ளைகள் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். அவள் பள்ளியில் ஒரு வார்த்தை இந்தி பேசி அவர்கள் கேட்டதில்லை. எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். பாபா, அம்மா, வேலையை விட்டுவிட்டு வந்த எல்லாருக்கும் ஸ்வாகத் என்றாள். அப்புறம் வந்தது இந்திகூட இல்லை, அவர்கள் வீட்டுப் பேச்சு, போஜ்புரி. ஒரே ஒரு வரி. அதற்குப் பின்வரிசைப் பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ஒருத்தி விசில் அடித்தாள். முதலில் கைதட்டியது இனியா. அப்புறம் பாய்ப் பிள்ளைகள் ஏழு பேர். அப்புறம் பந்தல் முழுக்க.

"நின்னுட்டே இருக்காதீங்க, வந்து நாற்காலில உக்காருங்க!" இதுதான் அந்த வரியாம். பிறகு மனோஜ் சொன்னார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அவர் மனைவி சொல்வது அது. அவர்களும் அதன் பிறகுதான் கயிற்றைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள்.

மனோஜ் கைதட்டவில்லை. ரூபி இறங்கிப் போன பிறகும் வெறும் மேடையைப் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

கும்மியில் இனியா கடைசி வரிசை. எல்லாரும் வலப்பக்கம் திரும்பினால் இவள் இடப்பக்கம் திரும்பினாள். அண்ணன் அதையும் எழுந்து நின்று பார்த்தார்.

விழா முடிந்ததும் மனோஜ் என்னைத் தேடி வந்தார். "சார், ரெக்கார்டு ஆச்சா, பாருங்க." பார்த்தேன். அவர் விரல் முழுக்க லென்ஸை மறைத்திருந்தது. படம் ஒன்றும் இல்லை, இருட்டுதான். குரல் மட்டும் தெளிவாக இருந்தது. நாங்கள் இருவரும் அந்த இருட்டுப் படத்தை முழுதாகக் கேட்டோம்.

"படம் வேண்டாம் சார். சத்தம் போதும். இப்பவே அண்ணனுக்கு அனுப்பறேன்" என்றார்.

விமானத்தில்தான் இனியா எனக்குச் சொன்னாள். அந்த வரியைச் சொல்வதா வேண்டாமா என்று அவளும் ரூபியும் இரண்டு நாள் சண்டை போட்டார்களாம். சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள் என்று ரூபி பயந்தாளாம். சிரித்தால் நான் கைதட்டி அந்தச் சத்தத்தை மூடிவிடுகிறேன் என்று இவள் வாக்குக் கொடுத்தாளாம்.

6

இங்கே வந்ததும் மறுபடி படிவங்கள். வீட்டு வாடகை ஒப்பந்தம், மின்சார ரசீது, தடுப்பூசி அட்டை. வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்வியும் இருந்தது. சுகந்தி பேனாவை என்னிடம் நீட்டினாள். இந்த முறையும் தமிழ் என்றே எழுதினேன், பயப்படாமல். ஐந்தாம் வகுப்பு முடிப்பவர்களுக்கான விழாவில், அச்சடித்த பட்டியலில் இனியா பெயர் இல்லை. அலுவலகப் பெண்மணி கடைசியில் பேனாவால் எழுதிச் சேர்த்திருந்தார். அவள் மேடையேறி, கை குலுக்கி, சான்றிதழ் வாங்கினாள். நல்ல விழா. கேக் கொடுத்தார்கள். இனியா கேக்கைத் தின்றுகொண்டே ரூபி ஊரிலிருந்து வந்துவிட்டாளா என்று கேட்டாள்.

வரவில்லை. கோடை விடுமுறைக்கு மனோஜ் குடும்பத்தோடு பீகார் போயிருந்தார். ஜூனில் பள்ளி திறந்தது. ரூபி இடம் காலியாக இருப்பதாகப் பெரிய டீச்சர் செய்தி அனுப்பினார். ஜூன் முழுக்க இனியா தினமும் கேட்டாள், நான் தினமும் இல்லை என்றேன். மனோஜின் போனும் அணைந்து கிடந்தது. பீகாரில் யாரோ ஒரு அண்ணன், ஒரு இருட்டுப் படத்தைக் கேட்டிருப்பானா என்று நான் என் வேலைக்கு நடுவே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை நடுவில் மனோஜின் குரல் வந்தது. "சார், ரயில்ல இருக்கோம். ரூபியும் வருது. அண்ணன் திட்டிட்டான் சார். மூணு பாஷையில மேடையில பேசற பொண்ணை இங்க கொண்டாந்து என்ன பண்ணப் போறேன்னு கேட்டான்." பின்னணியில் ரயில் சத்தத்துக்கு மேல் ரூபி யாரிடமோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. இந்தக் கோடையில் இருபது நாள் ஊரில் இருந்தாளாம். போன வாரம் மனோஜ் பெருமையாகச் சொன்னார். "ஊர்ல எல்லார்கிட்டயும் நல்லா சண்டை போட்டுச்சு சார். அண்ணன் பசங்ககிட்ட எல்லாம். எங்க பாஷையிலயே. என்னா வாய் சார்!"

எனக்கு அப்போது அது முழுதாகப் புரியவில்லை.

பள்ளி கடைசி நாளுக்கு மறுநாள், இனியாவின் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தோழி வீட்டு நீச்சல் குளத்தில் கூடுவதாக இருந்தது. மாலையில் இடி மழை வரலாம் என்று வானிலைச் செய்தி சொன்னது. போக வேண்டாம் என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஆங்கிலத்தில் நான்கு வார்த்தை சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். அன்று போகவில்லை. என் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க சொல்றது நாயமே இல்லீங்க. போன தடவையும் இதையேதானுங்க சொன்னீங்க. அன்னைக்கு மழையே வரலீங்க! நான் என்ன சொல்ல வர்றேன்னு ஒருக்காவாச்சும் கேட்டிருக்கீங்களா? நீங்களா முடிவு பண்ணிக்கறீங்க, அப்பறம் எனக்கு நல்லதுன்னு சொல்றீங்க. அதெப்படீங்க நல்லதாகும்?"

கரண்டியோடு சுகந்தி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அப்பனை எதிர்த்துப் பேசுவதற்கு ஒரு அதட்டலாவது போட்டிருக்க வேண்டும். அவள் எங்காவது ஒரு வார்த்தைக்குத் தடுமாறி ஆங்கிலத்துக்கு ஓடுவாளா என்று காத்திருந்தேன். ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு வாக்கியம் திட்டினாள்.

நானே காரில் கொண்டுபோய் விட்டேன். வானம் வெறிச்சென்று இருந்தது. வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது மட்டும், முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆறு மணிக்கு வந்துருங்க. லேட் பண்ணாதீங்க."

"சரிங்க" என்றேன்.